கூந்தப்பனைக்கு வரும் வழி

சின்னமனூர்
10.5.2021

அன்புள்ள சங்கிலிக்கு,

எட்டு மாதத்தில் இது என் நாலாவது கடிதம். முந்தைய மூன்றையும் உன் கையில் கொடுத்ததாக ஜீப் ஓட்டும் ஷேக் மைதீன் அண்ணன் சொன்னார். நீ பதில் எழுதவில்லை. எழுதாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இங்கே நிலைமை போன வருஷத்தைப் போல இல்லை. இன்று முதல் முழு ஊரடங்கு. கம்பத்திலிருந்து தேனி வரை ரோட்டில் ஆம்புலன்ஸ் மட்டும்தான் ஓடுகிறது. வெட்ட ஆளில்லாமல் திராட்சை கொடியிலேயே அழுகுகிறது. எங்கள் சுகாதார நிலைய வாசலில் நேற்று ஒரு மனுஷன் ஆட்டோவை விட்டு இறங்குவதற்குள் போய்விட்டார். என்னைவிட நாலு வயது சின்னவர். இந்த நோய் இப்போது வயது பார்ப்பதில்லை.

மலை மேலே உங்கள் குடிக்கு யாரும் வருகிறார்களா? யாருக்காவது காய்ச்சல் உண்டா? தடுப்பூசி வந்திருக்கிறது. ஐஸ் பெட்டியில் வைத்து நானே கொண்டுவர முடியும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். மார்ச் மாதம் உன் தங்கை சுப்புத்தாய் மலை இறங்கி வந்தபோது நான்தான் பரிசோதித்தேன். நீ ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. அவளுக்கு ரத்தம் எட்டுதான் இருக்கிறது, காலில் லேசாக வீக்கமும் இருந்தது. ஜூன் 24 என்று தேதி கொடுத்திருக்கிறேன். இது தலைப்பிரசவம். அவளைக் கீழே அனுப்பு, அல்லது என்னை மேலே வர விடு. என் மீதுள்ள கோபத்தை அவள் மீது காட்டிவிடாதே.

எப்சிபா


கூந்தப்பனைக் குடி
17.5.2021

எப்சிபா அக்காவுக்கு, சங்கிலியம்மாள் எழுதுவது.

உங்கள் கடிதத்தை ஒரு நாள் முழுக்கப் பாறையில் வெயிலில் போட்டுவிட்டுத்தான் பிரித்தேன். இப்போது அரிசி மூட்டை, உப்பு, தீப்பெட்டி எல்லாவற்றையும் அப்படித்தான் செய்கிறோம். எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு மேலே, ஜீப் பாதை முடியும் இடத்தில், வழியை அடைத்து ஒரு மரத்தை வெட்டிச் சாய்த்திருக்கிறோம். அந்தப் பக்கத்து ஆள் இந்தப் பக்கம் வருவதில்லை. நாங்களும் இறங்குவதில்லை. குடியில் நாற்பத்தொரு பேர் இருக்கிறோம். யாருக்கும் காய்ச்சல் இல்லை.

நீங்கள் வர வேண்டாம்.

போன செப்டம்பரிலும் நாங்கள் யாரையும் வரச் சொல்லவில்லை. அரிசியும் போர்வையும் தருகிறோம் என்று ஏழு பேர் வந்தார்கள். முன்னால் நடந்து வந்து வழி காட்டியது நீங்கள். நீங்கள் கூட வந்ததால்தான் பிள்ளைகள் பயப்படாமல் வெளியே வந்தன. அவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டார்கள். வீட்டுக்குள் குனிந்து நுழைந்து போட்டோ எடுத்தார்கள். மூட்டை சுமந்து வந்த என் வீட்டுக்காரர் தோளில் ஒருவர் கையைப் போட்டுக்கொண்டு நின்றார். கையைப் போட்ட அந்த ஆளுக்கு விடாத இருமல்.

"ஏன் சார் இம்புட்டு இருமுறீக?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"ஒண்ணுமில்லப்பா, ஜீப்புல வந்த தூசி."

பக்கத்தில் நீங்கள் நின்றீர்கள், அக்கா. முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தீர்கள். நான் உங்களையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓடைக்கரையில் மூன்று பேரைப் புதைத்தோம். ராக்கையா பெரியப்பாவின் பெண்சாதி, என் சின்ன மாமனார், என் வீட்டுக்காரர் கருத்தக்கண்ணன். அவருக்கு முப்பத்திநாலு வயது. நூறடிப் பாறையில் தேன் எடுக்கக் கொடியைப் பிடித்து இறங்குகிற ஆள், கடைசி நாளில் தண்ணீர்ச் செம்பைத் தூக்க முடியாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். அதற்குமேல் எழுத மாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இருமின அந்த ஆளுக்கு நோய் என்று உங்களுக்கு எப்போது தெரியும்? நீங்கள் எழுதிய மூன்று கடிதத்திலும் அதைத் தவிர எல்லாம் இருந்தது.

சங்கிலி


சின்னமனூர்
24.5.2021

சங்கிலிக்கு,

ஐந்தாம் நாள் தெரியும்.

அரிசி கொண்டுவந்த அந்த அறக்கட்டளைக்காரர்களிடம், டெஸ்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று நான் சொல்லியிருந்தேன். நேரமில்லை என்றார்கள். அவர்கள் பெரிய இடம், நான் கிராம செவிலியர், சரி என்று விட்டுவிட்டேன். அந்த ஆள் மலையில் இருமியபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. அப்போதே எல்லாரையும் திருப்பிக் கூட்டிக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும். இத்தனை தூரம் வந்தாயிற்றே என்று நின்றேன்.

ஐந்தாம் நாள் அவருக்குப் பாசிட்டிவ் என்று போன் வந்தது. மேலே வர அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்தேன். நீங்களும் தொடர்பில் இருந்தவர்தானே, வீட்டில் இருங்கள் என்றார்கள். அது சரியான உத்தரவு. ஆனால் மைதீன் அண்ணன் கையில் ஒரு துண்டுச் சீட்டாவது கொடுத்தனுப்பியிருக்கலாம். 'தனித்தனியாக இருங்கள், இருமல் வந்தவரை ஒதுக்கி வையுங்கள், உடனே கீழே கொண்டுவாருங்கள்' என்று மூன்று வரி. எழுதவில்லை. எழுதினால், கூட்டிக்கொண்டு வந்தது நான்தான் என்பது எழுத்தில் நின்றுவிடும் என்று பயந்தேன். ஏழு நாள் அப்படியே போனது. அதற்குள் காய்ச்சல் என்று சொல்லி உங்களிடமிருந்தே ஆள் வந்துவிட்டது.

இதை என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை. மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. நீ கேட்டாய், சொல்லிவிட்டேன்.

இனி சுப்புத்தாய் விஷயம். போன தடவை போல வர மாட்டேன். நான் ஒருத்தி மட்டும் வருகிறேன். கிளம்புவதற்கு முன்பு டெஸ்ட் எடுக்கிறேன். ஏலக்காய் ஸ்டோர் காலியாகத்தானே கிடக்கிறது, மரத்துக்கு இந்தப் பக்கம் அதில் ஏழு நாள் தனியாகத் தங்குகிறேன். ஒன்றும் இல்லையென்றால் மேலே வருகிறேன். யார் வீட்டுக்குள்ளும் நுழைய மாட்டேன். காற்றோட்டமாக வெட்டவெளியில் வைத்துத்தான் பார்ப்பேன். முகக்கவசத்தைக் கழற்ற மாட்டேன், எனக்கு வேண்டிய சோறும் தண்ணீரும் நானே கொண்டுவருவேன். குடியில் ஒரே ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்த நிமிஷமே இறங்கிவிடுகிறேன்.

ராக்கையா பெரியவரிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. ஐந்தாம் நாள் கதையையும் சேர்த்தே படி.

எப்சிபா


கூந்தப்பனைக் குடி
31.5.2021

எப்சிபா அக்காவுக்கு,

படித்துக் காட்டினேன். எல்லோரும் பாறை மீது உட்கார்ந்திருந்தார்கள். முடித்ததும் ராக்கையா பெரியப்பா எழுந்து போய்விட்டார். அரை நாள் கழித்து வந்து, "அந்தம்மா எழுதுனதத் திருப்பிப் படி ஆத்தா" என்றார். இரண்டாம் முறை படித்தேன்.

"பொய் சொல்லியிருக்கலாம்ல. சொல்லலியே" என்றார். அதற்குப் பிறகுதான் பேச்சே ஆரம்பித்தது.

சுப்புத்தாயின் வீட்டுக்காரன் ராஜபாண்டி கீழே கொண்டுபோய்விடலாம் என்கிறான். அவள் கேட்கவில்லை. போன வருஷம் கீழே ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போன எஸ்டேட் ஆள் ஒருவர் கதை சொல்லியிருக்கிறார். "அங்கன போனவுகளப் பிளாஸ்டிக்கில சுத்தித்தான் குடுத்தாக. மொகத்தக்கூடக் காட்டல. நான் போக மாட்டேன்" என்கிறாள். அக்காவைக் கூப்பிடு, அந்தக்கா வந்தால் சரி என்கிறாள். உங்கள் மீது அவளுக்குக் கோபமே இல்லை. எனக்குத்தான் எல்லாம்.

அவள் கால் வீங்கி வழவழவென்று இருக்கிறது. அமுக்கினால் குழி விழுகிறது.

வாருங்கள். ஆனால் ஏழு நாள் போதாது. பதினாலு நாள். இதைச் சொன்னது பெரியப்பா இல்லை, நான். எங்கள் வீட்டுக்காரருக்குப் பத்தாம் நாள்தான் காய்ச்சல் வந்தது. பதினாலு நாளில் ஒரு நாள் குறைந்தாலும் மரத்தைத் தாண்ட விட மாட்டேன். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் நான் மரம் வரை இறங்கி வருவேன். கத்திப் பேசினால் பாதி காற்றில் போய்விடும். மீதியைச் சீட்டில் எழுதிக் கல்லுக்கடியில் வைப்போம்.

சங்கிலி


ஏலக்காய் ஸ்டோர்
6.6.2021

சங்கிலி,

இன்று நாலாம் நாள். டெஸ்ட் நெகட்டிவ் என்று மைதீன் அண்ணன் நேற்று வந்து, ஜீப்பை விட்டு இறங்காமலே சொல்லிவிட்டுப் போனார். உடம்பு நன்றாக இருக்கிறது. மழைச் சாரல் கூரைவழியாக ஒரு மூலையில் இறங்குகிறது, இன்னொரு மூலையில் படுத்துக்கொள்கிறேன். அட்டையைத் தவிர வேறு தொந்தரவு இல்லை.

வீட்டில்தான் சண்டை போட்டுவிட்டு வந்தேன். "ஊரே சாகுது, நீ மலையில போய் உக்காரப்போறியா? இங்கன இருக்கிறவுகளை யார் பாக்குறது?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. லீவு முடிந்தால் வேலை என்ன ஆகும் என்பதும் தெரியாது. நான் பையை எடுத்துக்கொண்டேன். அவர் ஜீப் வரைக்கும் வந்து பையைத் தூக்கிவைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அதுவரை நான் என்ன செய்வது என்று நீ மரத்துக்கு மேலிருந்து கேட்டதற்குப் பதில். காத்திருக்கும் நாளை வீணாக்க வேண்டாம். கல்லுக்கடியில் ஒரு டப்பா வைத்திருக்கிறேன், அதில் பிரஷர் பார்க்கும் மெஷின் இருக்கிறது. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு எடு. சுப்புத்தாயைச் சாய்ந்து உட்காரவைத்து, கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கச் சொல். பட்டையை இடது முழங்கைக்கு மேலே சுற்றி பட்டனை அமுக்கு. இரண்டு நம்பர் வரும், இரண்டையும் எழுதி எனக்கு அனுப்பு. தலைவலிக்கிறதா, கண்ணில் பூச்சி பறப்பது போல இருக்கிறதா, மேல்வயிறு வலிக்கிறதா என்று தினமும் கேள். நீ அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு எடை பார்த்து எழுதுகிறவள், இது உனக்குக் கஷ்டமில்லை.

எப்சிபா


குடி
8.6.2021

அக்கா,

நேற்று 150, 100. இன்று காலையில் 156, 104. மூன்று தடவை அமுக்கிப் பார்த்தேன், ஏறக்குறைய அதேதான். தலை வலிக்கிறது என்கிறாள். கண்ணில் ஒன்றும் இல்லையாம்.

இது நல்ல நம்பர் இல்லை என்று எனக்கே தெரிகிறது. கீழே போ என்று அவளிடம் கெஞ்சினேன். கடைசியில் கையை ஓங்கிவிட்டேன்.

"அடிக்கா. அடி. மச்சானக் கீழ கொண்டுபோகாம இங்கனயே வச்சிருந்து பாத்தியே, அப்ப எங்க போச்சு இந்தப் புத்தி?" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. என் வீட்டுக்காரரைக் கீழே கொண்டுபோக வேண்டாம் என்று தடுத்தது நான்தான். இது உங்களுக்குத் தெரியாது. மூன்று கடிதத்துக்கும் நான் பதில் எழுதாததற்கு உங்கள் மீதான கோபம் மட்டும் காரணமில்லை.

இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. ராஜபாண்டி என்னிடம் வந்து, "பதினாலுன்னு சொன்னது நீங்கதான மதினி, நீங்களே கொறைங்க" என்று கேட்கிறான். நான் என்ன செய்வது? நீங்கள் சொல்லுங்கள்.

சங்கிலி


ஏலக்காய் ஸ்டோர்
8.6.2021, மதியம்

சங்கிலி,

நீ மேலே ஏறுவதற்குள் இதை வைத்துவிடுகிறேன்.

நாளைக் குறைக்காதே. நான் கேட்டாலும் குறைக்காதே. ராஜபாண்டியிடம் இதை என் சொல்லாகச் சொல்.

அவளுக்குத் தேவை நான் இல்லை, ஆஸ்பத்திரி. இந்த பிரஷருக்கு வலிப்பு வரலாம், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. கிளம்பும் முன் டாக்டர் எழுதித் தந்த மாத்திரையை இந்தச் சீட்டோடு வைக்கிறேன், காலை ஒன்று, மாலை ஒன்று. அது தள்ளிப்போடும், தீர்க்காது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நான் கூடவே இருப்பேன் என்று அவளிடம் சொல். அவள் முகத்தை யாரும் மூட விடமாட்டேன் என்று சொல். கெஞ்சு, திட்டு, எதையாவது செய்து இறக்கிக் கொண்டுவா.

நீ கருத்தக்கண்ணனைப் பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அந்த நாளில் என் மூன்று வரிச் சீட்டு உன் கையில் இருந்திருந்தால், நீ தடுத்திருக்க மாட்டாய். அதை மறந்துவிடாதே.

எப்சிபா


ஏலக்காய் ஸ்டோர்
12.6.2021

சங்கிலிக்கு,

இந்தச் சீட்டைக் கையால் தொடாதே. கம்பால் எடு. அடுப்புக்கு மேலே இரண்டு நாள் தொங்கவிடு என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் நீ இதை இப்போதே படித்தாக வேண்டும். அதனால் பிளாஸ்டிக் கவருக்குள் வைத்திருக்கிறேன், வெளியே சோப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு, பிரிக்காமல் கவர் வழியாகவே படி.

நேற்று காலையில் காய்ச்சல். ஒன்பதாம் நாள். மழையில் நனைந்ததுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்று தைலத்தை மூக்குக்குக் கிட்டே வைத்தேன், வாசனை தெரியவில்லை. காலையில் மைதீன் அண்ணன் வந்து, என் வீட்டுக்காரருக்குப் பாசிட்டிவ் என்று சொன்னார். நான் கிளம்பும்போதே என் உடம்பில் இருந்திருக்கிறது. டெஸ்டில் தெரியவில்லை.

நான் வர மாட்டேன், சங்கிலி.

இதையும் எழுதிவிடுகிறேன். நேற்று பகல் முழுக்க, யாரிடமும் சொல்லாமல் மாத்திரை போட்டுக்கொண்டு, முகக்கவசத்தை இறுக்கிக் கட்டி மேலே ஏறிவிடலாம் என்று யோசித்தேன். சுப்புத்தாயின் நம்பர்களைக் கையில் வைத்துக்கொண்டு மரம் வரைக்கும் நடந்தே வந்தேன். மரத்தின் மீது கையை வைக்கவில்லை. திரும்பிவிட்டேன். மனசு கெட்டுப்போவதற்கு முன் இறங்கிப் போகிறேன்.

ஜீப்பில் ஏறும் முன் இன்னொரு டப்பா வைத்திருக்கிறேன். கையுறை, புது பிளேடு, நூல், சுத்தமான துணி. எல்லாம் கடையில் ஒட்டியபடியே இருக்கின்றன, நான் பிரிக்கவில்லை. வெளிக்கவரைக் கழுவிவிட்டு எடுத்துக்கொள். உபயோகிக்கும்படி ஆகக் கூடாது என்று ஜெபிக்கிறேன்.

என்னை இறக்கிவிட்டு ஜீப்பைக் கழுவித் துடைத்துக்கொண்டு மைதீன் அண்ணன் நாளை காலையிலிருந்து இங்கே நிற்பார். "எத்தன நாள் ஆனாலும் நிக்கிறேன் சிஸ்டர், அந்தப் புள்ளயக் கொண்டுவரச் சொல்லுங்க" என்று சொல்லியிருக்கிறார். சுப்புத்தாயை அனுப்பு. நான் கூட இருப்பேன் என்று சொன்ன வார்த்தை பொய்யாகிவிட்டது. அதையும் அவளிடம் சொல்லிவிடு.

எப்சிபா


கூந்தப்பனைக் குடி
28.6.2021

எப்சிபா அக்காவுக்கு,

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று மைதீன் அண்ணன் சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் சீட்டைச் சுப்புத்தாயிடம் அப்படியே படித்தேன். வீங்கிய காலைத் தடவிக்கொண்டே கேட்டாள். பிறகு, "அந்தக்காவுக்கே வந்திருச்சா? பாவம்" என்றாள். "சரி, போவோம்" என்றாள். அத்தனை நாள் கெஞ்சியும் கேட்காதவள் ஒரே நிமிஷத்தில் ஒத்துக்கொண்டாள். 13-ம் தேதி முழுக்க அடைமழை. மறுநாள் விடிந்ததும் தூக்கிக்கொண்டு போவதாக ராஜபாண்டி கம்பில் போர்வையைக் கட்டி வைத்தான்.

விடிந்தபோது தூக்க முடியாத அளவுக்கு வலி வந்துவிட்டது. காலை பத்து மணிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. சின்னதாக இருந்தாலும் நன்றாக அழுதது. கையுறை போட்டு, புது பிளேடால் நான்தான் கொடியை அறுத்தேன். சுப்புத்தாய் பிள்ளையை வாங்கி மார்பில் போட்டுக்கொண்டாள். "கறுப்பா, அவ அப்பன் மாதிரி" என்று சிரித்தாள். ஒரு மணி நேரம் நாங்கள் எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். அதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

மதியம் கண்ணில் ஏதோ மின்னுகிறது என்றாள். நம்பர் 190-க்கு மேல் போனது. எழுதி வைப்பதற்குள் வலிப்பு வந்துவிட்டது. அது நின்றதும் போர்வையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஓடினோம். மரத்தை ஒட்டி ஓடும் ஓடையில் இடுப்புக்கு மேல் தண்ணீர். ராஜபாண்டி இறங்கிப் பார்த்தான், இழுத்தது. தண்ணீர் வடியக் காத்திருந்தோம். நாங்கள் நின்ற கரையிலிருந்து கூப்பிட்டால் ஜீப்புக்குக் கேட்கும் தூரம். மைதீன் அண்ணன் மரம் வரை வந்து கயிற்றை வீசிக்கொண்டே இருந்தார். இரண்டாவது வலிப்பு அங்கேதான் வந்தது. தண்ணீர் வடிந்தபோது அவள் இல்லை.

அன்று உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஓடையைப் பார்த்துக் கத்தினேன். ஏழு நாளென்று நீங்கள் கேட்டீர்கள். ஏழு நாளென்றால் நீங்கள் பத்தாம் தேதி மேலே வந்திருப்பீர்கள். ஊசி போட்டிருப்பீர்கள், வற்புறுத்திக் கீழே கூட்டிப்போயிருப்பீர்கள். பதினாலு என்று சொன்னது யார்? நான். ராஜபாண்டி என்னோடு பேசுவதில்லை.

ஆனால் ஏழு நாளில் வந்திருந்தால் பதினொன்றாம் தேதிக் காய்ச்சல் எங்கள் நடுவில் வந்திருக்கும். இதையும் நான்தான் யோசிக்கிறேன். குடியில் யாருக்கும் இருமல்கூட இல்லை. இப்போதும் நாற்பத்தொரு பேர்தான். கணக்கு மாறவில்லை என்று பெரியப்பா சொன்னார், சொல்லிவிட்டு அழுதார்.

நான் செய்தது சரியா, அக்கா? நீங்கள் படித்தவர். சொல்லுங்கள்.

சங்கிலி


சின்னமனூர்
12.7.2021

அன்புள்ள சங்கிலிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. இன்னும் அதிக நேரம் உட்கார முடியவில்லை, அதனால் தாமதம்.

நீ கேட்டதற்கு ஆறுதலாக ஒரு பதில் எழுதி, கிழித்துப் போட்டேன். உன்னிடம் பொய் சொல்லக் கூடாது. பத்தாம் தேதி நான் வந்திருந்தால் ஒருவேளை அவளைக் கீழே கொண்டுவந்திருப்பேன். ஒருவேளை அவள் பிழைத்திருப்பாள். அவளுக்கும், அவளைத் தூக்கிவந்தவர்களுக்கும், ராக்கையா பெரியவருக்கும் நோயைக் கொடுத்துமிருப்பேன். எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. உன்னிடம் இருந்தது இரண்டே வழி. இரண்டிலும் சாவு இருந்தது. நீ கண்ணைத் திறந்துகொண்டு முடிவெடுத்தாய். நான் போன வருஷம் வேறு பக்கம் பார்த்தேனே, அதுபோல நீ பார்க்கவில்லை. இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் ஜெபராஜ் ஜூன் 21-ம் தேதி காலமானார். நான் அதே ஆஸ்பத்திரியில் வேறு வார்டில் இருந்தேன். மூன்றாம் நாள்தான் சொன்னார்கள். மகள் ஜெபஷீலா தூரத்தில் நின்று அடக்கத்தைப் பார்த்திருக்கிறாள். நான் பார்க்கவில்லை. ஜீப்பில் பையைத் தூக்கிவைத்துவிட்டுத் திரும்பிப் போனாரே, அந்த முதுகுதான் நான் கடைசியாகப் பார்த்தது.

பிள்ளைக்கு ஆறாம் வாரம் ஊசி போட வேண்டும், இந்த மாதக் கடைசியில். நான் ஆகஸ்டு முதல் தேதி வேலைக்குச் சேர்கிறேன். என் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தால் சொல், வேறு செவிலியரை அனுப்பச் சொல்கிறேன். பால் யார் கொடுக்கிறார்கள்? எடை ஏறுகிறதா?

எப்சிபா


கூந்தப்பனைக் குடி
20.7.2021

எப்சிபா அக்காவுக்கு,

பிள்ளைக்குப் பக்கத்து வீட்டில் கைப்பிள்ளைக்காரி பால் கொடுக்கிறாள். அங்கன்வாடித் தராசில் போட்டுப் பார்த்தேன், மூன்று கிலோ அறுநூறு. ராஜபாண்டி தினமும் வந்து தூக்குகிறான். நேற்று, "மதினி, வெந்நி வைக்கவா?" என்று கேட்டான். அவ்வளவுதான் பேசினான்.

வேறு ஆளை அனுப்ப வேண்டாம். நீங்கள்தான் ஊசி போட வேண்டும் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். எல்லோரையும் கேட்டோம், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. உடம்பு தேறட்டும், ஊசி ஒரு வாரம் தள்ளிப்போனால் போகட்டும். மேலே நீங்கள் ஏற வேண்டாம். பிள்ளையை நானே ஸ்டோருக்கு இறக்கிக்கொண்டு வருகிறேன். முற்றத்தில் வைத்துப் போடுங்கள்.

ஊசி போட்டதும் உடனே கிளம்பிவிடாதீர்கள். முற்றத்தில் ஆளுக்கொரு கல்லில், தள்ளித் தள்ளி உட்கார்ந்துகொள்வோம். ஜெபராஜ் அண்ணனைப் பற்றி எனக்குச் சொல்லுங்கள். நான் அவரைப் பார்த்ததே இல்லை.

சங்கிலி